ராசிங்காபுரத்தில் நிற்கும் வண்டி

பூப்பாறை
10.11.2024

மாப்ளை வெள்ளைத்துரைக்கு,

மொக்கச்சாமி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழிக்கப் போவாய் என்று தெரியும். கிழிப்பதானால் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழி. ஆறு வருஷமாக நான் போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து அடித்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு மேலே வரும் பால்ராஜ், சாயங்காலம் போடி இறங்கும்போது இதை உன் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பான். பதில் இருந்தால் அவனிடமே கொடு. இல்லையென்றால் இல்லை என்று சொல்லி அனுப்பு, நான் தினமும் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

உன் மகள் சூர்யகலாவுக்குத் தை மாதக் கடைசி வியாழக்கிழமை வளைகாப்பு என்று இங்கே மாமியார் வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள். வளையல் போட்டு, பிள்ளையைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக என் தங்கச்சி முத்துப்பேச்சிதான் மலையேறி வர வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி என்னோடு பேசினாள். நீ ஒர்க்‌ஷாப் போன பிறகு அவள் என்னோடு பேசுவது உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறாய். அதற்கு உனக்கு ஒரு கும்பிடு.

"அண்ணே, ஆம்புலன்சு பிடிச்சுப் போயிட்டு வந்துரலாம்ங்குறாரு. எம்மக வளைகாப்புக்கு ஆம்புலன்சுலயா போயி எறங்குறது? பந்தல்ல இருக்கவுகல்லாம் எந்திரிச்சு நின்னு பாப்பாக. நான் வரலைண்ணே, நீயே தாய்மாமனா நின்னு அனுப்பி வையி" என்றாள். 

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவள் காரில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. படுக்க வேண்டும். மூத்திரப் பை மாற்ற ஒரு மறைப்பு வேண்டும். நான் யோசித்து யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். சினிமாக்காரர்கள் ஷூட்டிங்கில் நிறுத்தி வைத்திருப்பார்களே, கேரவன். உள்ளே கட்டில், கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. மதுரையில் பிரபு என்று ஒருவர் பழைய டீசல் கேரவன் ஒன்றை விற்கிறார். 2011 மாடல், மினி பஸ் சேஸிஸ். தேவாரத்தில் எனக்கிருந்த அரை ஏக்கரை விற்றுவிட்டேன். எவ்வளவுக்கு என்று கேட்காதே.

நான் டிரைவர். ஓட்டத் தெரியும், வாங்கத் தெரியாது. நீ இந்த மலையடிவாரத்தில் டீசல் வண்டிக்கு வைத்தியர். என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுது. என்னோடு உறவு வைத்துக்கொள்ள வேண்டாம், வண்டியோடு வைத்துக்கொள்.

மொக்கச்சாமி


போடிநாயக்கனூர்
16.11.2024

மொக்கச்சாமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நீங்கள் வாங்குவது உங்கள் விருப்பம். முத்துப்பேச்சி அதில் ஏறுவாள் என்று நான் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில்.

வரும் நேரத்தை முன்னாலேயே சொல்லிவிட்டுப் போகாதீர்கள். போனதும் முதலில் இஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து ஓட விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீல நிறப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. இஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேலேயே கவிழ்த்து வையுங்கள். மூடி துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எழுந்து வந்துவிடுங்கள். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா பாருங்கள்.

ஷூட்டிங் வண்டி அதிகம் ஓடியிருக்காது, நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். அதுதான் மோசம். நிற்கிற வண்டியில் டீசல் டேங்கில் தண்ணீர் இறங்கும், எலி ஒயரைக் கடிக்கும், ரப்பர் எல்லாம் காய்ந்து வெடிக்கும். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு இருந்தால் சத்தம் மந்தமாக வரும். டயரில் நாலு எண் இருக்கும், எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று. மேல் பட்டன் தேயாமல் இருக்கிறது என்று பழைய டயரை நம்ப வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் கேரவன் என்றே இருக்க வேண்டும், எஃப்.சி. தகுதிச் சான்றின் காலம் முடியாமல் இருக்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றி அவர்கள் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

வெள்ளைத்துரை


பூப்பாறை
27.11.2024

மாப்ளைக்கு,

நீ எழுதியதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் மதுரை போனேன். போனதும் கையை வைத்தேன். சுட்டது.

"என்னய்யா, வெயில்ல நிக்குதா வண்டி?" என்று கேட்டேன். செட்டுக்குள் நிழலில் நிற்கிற வண்டி. பிரபு சிரித்துவிட்டு, காலையில்தான் கழுவ நகர்த்தினோம் என்றார். சரி, ஆறட்டும் என்று எதிர்க் கடையில் உட்கார்ந்தேன். நாலு மணி நேரம், மாப்ளை. மூன்று டீ, இரண்டு தோசை. கடைக்காரன் என்னை யாரோ துப்பறிகிறவன் என்று நினைத்துவிட்டான். பிரபு இரண்டு தடவை வந்து, "அண்ணே, வேற ஆளு பாக்க வர்றாங்க" என்று சொல்லிப் பார்த்தார். வரட்டும், அவர்களையும் உட்காரச் சொல்லுங்கள் என்றேன்.

ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மூன்றாவது தடவையில் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டது. நீலம் இல்லை. மூடியைக் கவிழ்த்து வைத்தேன். ஆடியது, விழவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுக் கீழே படுத்து ஒரு முழ இடம் விடாமல் தட்டினேன். பின்பக்கம் தொட்டிக்குக் கீழே ஒரு சாண் அளவு மந்தமாகக் கேட்டது. டயர் நாலும் ஒன்பது வருஷத்துக் கிழவிகள். குளிர்சாதனம் வேலை செய்யவில்லை, நம் மலைக்கு அது எதற்கு. ஆர்.சி.யில் கேரவன் என்றே இருக்கிறது, எஃப்.சி. மே மாதம் வரை இருக்கிறது.

வாங்கிவிட்டேன். கண்ணாடி சுற்றி பல்பு வைத்த மேஜை ஒன்று உள்ளே இருக்கிறது, மேக்கப் போட. தங்கச்சி அதைப் பார்த்தால் சிரிப்பாள்.

அங்கிருந்து வேறு டிரைவர் வைத்துக் கொண்டு வந்து, ராசிங்காபுரத்தில் ஜக்கையன் தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறேன். நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. லைசென்ஸ் பறிபோய், அது திரும்பக் கிடைக்கும் காலம் வந்தும் நான் போய் வாங்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

மொக்கச்சாமி


போடிநாயக்கனூர்
5.12.2024

மொக்கச்சாமி அவர்களுக்கு,

அவள் ஏறுவாள் என்று சொல்லவில்லை என நான் எழுதிய பிறகும் வாங்கியிருக்கிறீர்கள். வாங்கியதை அவளிடமும் சொல்லியிருக்கிறீர்கள். பத்து நாளாக இந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. கண்ணாடி மேஜையில் பல்பு எத்தனை என்று என்னிடம் கேட்கிறாள்.

உங்களுக்கு இது ஆசை. எனக்கு அப்படி இல்லை. தினமும் காலையில் அவளைத் தூக்கி உட்கார வைப்பவன் நான். முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவதும் நான். அந்த ரோட்டில் மறுபடி அவளை ஏற்றி, வயிற்றுப் பிள்ளையோடு மகளையும் சேர்த்து இறக்குவது என்றால் எனக்குப் பயம். ஏறுவதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். இறங்குவதுதான்.

எனக்கு இஷ்டமில்லை. இதோடு விட்டுவிடுங்கள்.

பிரேக் யார் பார்த்தது? கடைசியாக எப்போது பிரித்தது? வீல் சிலிண்டர் ரப்பர் மாற்றியதற்கு பில் இருக்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுதவும்.

வெள்ளைத்துரை


பூப்பாறை
15.12.2024

மாப்ளைக்கு,

பில் இல்லை. யார் பிரித்தது என்றும் தெரியாது.

நீ எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு யோசித்தேன். உனக்கு என் மேல் இருக்கிற பயம் நியாயம்தானே. உன் பெண்டாட்டியை முடக்கிப் போட்டவன் நான்.

அந்தப் புரட்டாசி மழையில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்கு நினைவு இல்லை. போடிமெட்டில் டீ குடித்தது நினைவிருக்கிறது. முத்துப்பேச்சி முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு, "அண்ணே, வெரசாப் போ, புள்ள ஸ்கூல் விட்டு வந்துரும்" என்றது நினைவிருக்கிறது. பின்னால் பதினோரு பேர், ஏலக்காய் எடுத்துவிட்டுத் திரும்புகிற பெண்கள். அடுத்த நினைவு தேனி ஆஸ்பத்திரியில், தலையில் கட்டோடு. பதினோராம் வளைவில் ஜீப்பு உருண்டதாகச் சொன்னார்கள். உயிர் யாருக்கும் போகவில்லை, தங்கச்சிக்கு முதுகெலும்பு போய்விட்டது என்றார்கள். கியர் நியூட்ரலில் கிடந்தது என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார்.

"நியூட்ரல்லயா வந்த?" என்று கேட்டார்கள். என்ன சொல்வது? இந்த மலையில் ஆள் ஏற்றுகிற எந்த டிரைவர்தான் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க, இஞ்சின் பிடிப்பை விட்டு நியூட்ரலில் தள்ளாமல் வந்தான்? நானும் எத்தனையோ நாள் வந்திருக்கிறேன். அன்றைக்கும் வந்திருப்பேன் என்று நானே சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். அதனால் ஒன்று கேட்கிறேன், மாப்ளை. என்னை மன்னிக்க வேண்டாம். வண்டியை மட்டும் ஒரு தடவை போய்ப் பார். என்னை நம்பாதே, உன் கையை நம்பு. அது சரியில்லை என்று உன் கை சொன்னால், நானே அதை இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். அப்புறம் வாயைத் திறக்க மாட்டேன்.

சாவி ஜக்கையனிடம் இருக்கிறது. நீ போகும் நாளில் நான் மலையை விட்டு இறங்க மாட்டேன்.

மொக்கச்சாமி


போடிநாயக்கனூர்
8.1.2025

மச்சானுக்கு,

டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு ராசிங்காபுரம் போய் வருகிறேன். முத்துப்பேச்சிக்குச் சொல்லவில்லை. சட்டையில் இருந்த துருவைப் பார்த்து அவளே கண்டுபிடித்துவிட்டாள். நான் போகிற நேரம் பக்கத்து வீட்டுக்காரி அவளுக்கு உதவிக்கு வந்து இருக்கிறாள்.

இஞ்சின் நல்லதாகவே வாங்கியிருக்கிறீர்கள். நாலு மணி நேரம் உட்கார்ந்தது வீண் போகவில்லை. டீசல் டேங்கை இறக்கினேன். அடியில் ஒரு குவளைத் தண்ணீரும் சேறும் இருந்தது. கழுவி, பில்டர் இரண்டும் மாற்றினேன். ஆயில் மாற்றினேன். பெல்ட் வெடித்திருந்தது, புதுசு. நாலு டயரும் புதுசு, தேனியில் வாங்கினேன், அதற்கு நீங்கள் பணம் அனுப்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். தொட்டிக்குக் கீழே நீங்கள் சொன்ன இடத்தில் சேஸிஸில் விரல் நுழைகிற அளவு ஓட்டை. அறுத்தெடுத்துப் பட்டை வைத்து வெல்டிங் செய்தாகிவிட்டது. கூரையில் ஜன்னல் ஓரம் ஒழுகியது. அதை அடைத்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒழுகவில்லை.

கதவு இரண்டடி மூன்று அங்குலம். சக்கர நாற்காலி போகாது. பக்கவாட்டில் தகட்டை வெட்டிக் கதவை அகலமாக்கினேன். மடக்குகிற மாதிரி ஒரு சாய்வுப் பலகை வைத்திருக்கிறேன். அவளைத் தூக்கி ஏற்ற வேண்டியதில்லை, நாற்காலியோடு ஏறுவாள். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பெல்ட் வைத்தேன். கண்ணாடி மேஜையைக் கழற்றப் போனேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பல்பு பன்னிரண்டு. மூன்று எரியவில்லை, அதையும் மாற்றினேன்.

பிரேக்கை மூன்று தடவை பிரித்துப் பூட்டினேன். நாலு சக்கரத்திலும் ரப்பர், பைப், லைனிங், மாஸ்டர் சிலிண்டர் வரை எல்லாம் புதுசு. பழையது ஒன்றுகூட அந்த வண்டியில் இல்லை. கழற்றிய பழைய ரப்பர்களை ஒரு பையில் போட்டு பால்ராஜிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எண்ணிப் பாருங்கள்.

வண்டி மலையேறும். முத்துப்பேச்சியைக் கூட்டி வருகிறேன்.

வெள்ளைத்துரை


பூப்பாறை
13.1.2025

மாப்ளைக்கு,

நீ மச்சான் என்று எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். பிறகுதான் மற்றதைப் படித்தேன்.

ரப்பர் பை வந்தது. எனக்கு எதற்கு அதை அனுப்பினாய் என்று புரியவில்லை. "என்னண்ணே, ஒங்க மாப்ள பொங்கல் சீரு அனுப்பியிருக்காரா?" என்று பால்ராஜ் கேட்டான். ஆமாம், எங்கள் குடும்பத்தில் சீர் இப்படித்தான் என்றேன். எண்ணினேன். எல்லாம் இருக்கிறது. பாறையில் காய்ந்த அட்டை மாதிரி இருக்கின்றன, தொட்டாலே பொடிகிறது.

சூர்யகலாவிடம் நேற்றுப் போய்ச் சொன்னேன். "அம்மா வர்றாகளா மாமா, நெசமாவா" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவள் மாமியார் என்னமோ ஏதோ என்று கரண்டியோடு ஓடி வந்தது. குனிய முடியாத வயிறு இப்போதே. பையன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கென்னமோ பொண்ணு என்றுதான் படுகிறது.

ஏற்பாடு இப்படி வைத்துக்கொள்வோம். வண்டியைப் பால்ராஜ் ஓட்டட்டும். ஹெவி லைசென்ஸ் இருக்கிறது, குடிப்பதில்லை. நீ உள்ளே தங்கச்சி பக்கத்தில் இரு. நான் வளைகாப்பில் மாமன் முறை செய்துவிட்டு இங்கேயே நின்றுகொள்கிறேன். இறங்கும்போது அந்த வண்டியில் நான் ஏறப் போவதில்லை. தங்கச்சி கூப்பிடுவாள், நீயும் இப்போது கூப்பிடுவாய். கூப்பிட வேண்டாம். நியூட்ரல் போட்ட கை இது. அந்தக் கையோடு அந்த வளைவில், அவள் முன்னால் நான் உட்கார முடியாது. ஆறு வருஷமாக இந்தத் தோட்டத்துக் காவல் வேலையில் கிடக்கிறேன். ஏலக்காய் ஸ்டோர் கதவைப் பூட்டும்போதுகூட இந்தக் கையைத்தான் பார்க்கிறேன், எப்போது தள்ளினோம், எதற்குத் தள்ளினோம் என்று. ஒரு சொட்டு டீசலுக்கு ஆசைப்பட்டு, கூடப் பிறந்தவளை இப்படிப் பண்ணிவிட்டேனே என்று.

வண்டி வாங்கியதில் அது கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. பரவாயில்லை. அவள் வந்தால் போதும்.

மொக்கச்சாமி


போடிநாயக்கனூர்
20.1.2025

மச்சானுக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். பால்ராஜ் பக்கத்தில் இருக்கும்போது பிரிக்க வேண்டாம்.

நீங்கள் நியூட்ரலில் வரவில்லை.

விபத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜீப்பை என்னிடம் விட்டீர்கள். பிரேக் இறங்குகிறது, பார் என்றீர்கள். பிரித்தேன். பின் சக்கரம் இடது பக்கத்து வீல் சிலிண்டரில் பிரேக் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் போய்விட்டது. புது ரப்பர் கடையில் இல்லை, மறுநாள் மதுரையிலிருந்து வரும் என்றான் கடைக்காரன். ஏலக்காய் எடுப்பு நேரம், விடியக் காலையில் ஆள் ஏற்ற வேண்டும். வண்டி நின்றால் பதினோரு பேருக்கும் அன்றைய கூலி போய்விடும். வேறொரு வண்டியில் கழற்றிப் போட்ட பழைய ரப்பர் ஒன்று பெஞ்சில் கிடந்தது. அதைத் துடைத்துப் போட்டேன். இரண்டு நாள் தாங்கும் என்று நினைத்தேன். காலையில் நீங்கள் வந்து, "சரியாயிருச்சா மாப்ளே?" என்று கேட்டீர்கள். "ஆயிருச்சு, எடுத்துட்டுப் போங்க" என்றேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் வண்டியை எடுத்திருக்க மாட்டீர்கள்.

விபத்துக்கு மறுநாள் விடிந்ததும், இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால், கயிறு கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். ஜீப்பு ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. இடது பின் சக்கரம் முழுக்க பிரேக் ஆயில். குனிந்து உள்ளே பார்த்தேன். கியர் இரண்டாவதில் இருந்தது. நல்ல டிரைவர் என்ன செய்வானோ அதைத்தான் நீங்கள் செய்திருந்தீர்கள். இரண்டாவதில் போட்டு இஞ்சினில் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். மழை, ஏற்றிய கனம், அந்த வளைவு. பிரேக் இருந்திருந்தால் நின்றிருக்கும்.

கியர் லிவர் இறுகியிருந்தது. உள்ளங்கையால் இரண்டு தடவை அடித்து நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்ததும் வேறெதுவும் தேடவில்லை. ஊரும் தேடவில்லை. எல்லாரும் அப்படி வருகிறவர்கள்தானே, நம்பிவிட்டார்கள். நீங்களே நம்புவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் மறுப்பீர்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீங்கள் கட்டோடு உட்கார்ந்து, ஆமாம் நியூட்ரல்லதான் வந்திருப்பேன் என்று கையெழுத்துப் போட்டீர்கள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் குரலைக் கேட்டால் போனை வைத்தேனே, அது கோபம் இல்லை. ஊர் அதைக் கோபம் என்று நினைத்தது, எனக்கும் அது வசதியாக இருந்தது. உங்கள் கைக்கு வந்த பழி என் கை செய்தது. நீங்கள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

முத்துப்பேச்சிக்கு இது தெரியாது. காலையில் அவளைத் தூக்கும்போது இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. அவளிடம் நீங்கள் சொன்னாலும் சரி, போலீசுக்குப் போனாலும் சரி. வளைகாப்பு முடிந்த பிறகு போங்கள் என்று கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வெள்ளைத்துரை


பூப்பாறை
30.1.2025

வெள்ளைத்துரைக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. முதல் நாள் அரிவாளை எடுத்துக்கொண்டு போடிமெட்டு வரைக்கும் நடந்தே வந்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும். டீக்கடைக்காரன் என்னைப் பார்த்துவிட்டு, காட்டுப்பன்றிக்கா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆறு வருஷம். என் லைசென்சு, என் தொழில், ஊரில் நான் நடந்து போன தெரு. ஜீப்பில் வந்த பெண்கள் என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். அதெல்லாம்கூடப் போகட்டும். என் தங்கச்சியை நானே முடக்கினேன் என்று நம்பிக்கொண்டு ஒவ்வொரு நாளும் எழுந்தேனே, அதை நீ எதைக் கொண்டு வந்து ஈடு கட்டுவாய்? நாலு டயரா? உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அது இன்னும் எனக்கு வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.

நாலாம் நாள் ஸ்டோர் மாடியில் ஏறி, சிக்னல் பிடித்து, தங்கச்சிக்குப் போன் அடித்தேன். உன் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்றுதான் அடித்தேன். முதலில் ஒன்று கேட்டேன். "ஆத்தா, அன்னைக்கு நான் எந்தக் கியர்ல வந்தேன், ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

 "ரெண்டுலதாண்ணே" என்றாள். "இருவது வருசம் அந்த ஜீப்புல முன்சீட்டுல வந்தவளுக்கு நியூட்ரல் சத்தம் தெரியாதா? கடைசி வரைக்கும் இஞ்சின் ஒறுமிக்கிட்டேதான் வந்துச்சு. நீ பிரேக்கை மிதிமிதின்னு மிதிச்ச. ஒண்ணும் பிடிக்கல."

 ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன், மாப்ளை. தோட்டத்து ஆள்கள் எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

"சொன்னா பிரேக்கை யாரு பாத்ததுன்னு கேப்பாக. அவரு பாத்ததுன்னு வரும். அதுக்கப்புறம் அந்த மனுசன் என்னைய எப்பிடிண்ணே தெனமும் தூக்குவாரு? என் மூஞ்சிய எப்பிடிப் பாப்பாரு? எனக்கு ஒரு மனுசன் வேணும்ணே, என்னையப் பொரட்டிப் போட. நீ ஆம்பள, தனியா நின்னுக்குவன்னு நெனச்சேன். ஒன்னைய விட்டுக்குடுத்துட்டேண்ணே" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் உங்கள் இரண்டு பேர் மேலும் கோபமாக இருந்தேன். அதற்கு மறுநாள், நான் ஒன்றும் நியூட்ரலில் வரவில்லை என்பது மெதுவாக எனக்கு உறைத்தது. அன்றைக்குக் காலையில் டீ குடிக்கும்போது கையைப் பார்த்தேன். வெறும் கையாக இருந்தது.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேள். போலீசுக்கு நான் போகவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும் என்பதை நீ தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ளாதே. வியாழக்கிழமை வண்டி புறப்படுவதற்கு முன்னால் நீயாக, உன் வாயால், அவளிடம் சொல். ஆறு வருஷமாக அதைக் கேட்கத்தான் காத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிட்டு அவளைத் தூக்க வேண்டாம், நீ செய்த பலகையில் நாற்காலியைத் தள்ளி ஏற்று.

பால்ராஜ் ஓட்ட வேண்டாம். நீ ஓட்டு, ஹெவி லைசென்ஸ் உன்னிடமும் இருக்கிறது. அந்த பிரேக்கை மூன்று தடவை பிரித்துப் பூட்டியவன் நீதான், அந்த ரோட்டில் அதை மிதிக்க வேண்டியவனும் நீதான். இறங்கும்போது நானும் வருகிறேன். உன் பக்கத்தில் முன் சீட்டில் உட்காருவேன். பேச மாட்டேன், ஆனால் உட்காருவேன்.

போடிமெட்டில் டீக்கு நிறுத்து. எல்லாரும் குடித்த பிறகு எடு. மெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரைக்கும் இரண்டாவது கியர்தான், ரோடு எவ்வளவு அகலமாக ஆகியிருந்தாலும் சரி. சூர்யகலாப் பிள்ளை பாட்டு போடச் சொல்லும், போடாதே. முத்துப்பேச்சி கட்டிலில் படுத்திருப்பாள், அவளுக்கு ரோடு தெரியாது. இஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

மொக்கச்சாமி